கண்ணாடிப் பாலத்தில் நடுங்கிய கால்கள்



தூத்துக்குடியிலிருந்து சபையாராகக் கன்னியாகுமரி போயிருந்தோம். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர் நீளம். காலுக்குக் கீழே அலை! வயதான தாயார் ஒருவர் கண்ணாடியில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். "என்னம்மா, விசுவாசம் எங்க போச்சு?" என்றேன். அவர் கண் கலங்கியது. நாலு எட்டு வைத்ததும் என் முழங்காலும் நடுங்கியது.

இது அவிசுவாசமா? இல்லை. நாம் நிலையாய் நிற்க கண், உட்காது, பாதம் மூன்றும் ஒத்துச் சாட்சி சொல்ல வேண்டும். கண்ணாடியில் பாதம் "தரை இருக்கு" என்கிறது. கண் "இல்லை" என்கிறது. உடம்பு தடுமாறுகிறது. விழாதபடி நம்மைக் காக்கத் தேவன் வைத்த பயம் இது.

என்ன செய்யலாம்?

1. குனியாமல், எதிரே அசையாத பாறையைப் பாருங்கள்.
2. கைப்பிடியைப் பிடியுங்கள்.
3. நடுக்கம் தணிந்தபின் அடுத்த அடி வையுங்கள்.
4. அவசரப்படுத்தாத ஒருவர் கூட வரட்டும்.

நம்ம கடலில் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பிலும், கல்லோடு இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்க ஆள் உண்டு.

மத்தேயு 14-ஐ வாசியுங்கள். பேதுரு அமிழ்ந்தபோது கர்த்தர் முதலில் கையைப் பிடித்தார். பிறகே கேள்வி கேட்டார். நானோ கேள்வியோடு நின்றுவிட்டேன். திரும்பிப்போய், "மன்னிச்சிடுங்கம்மா" என்று கை நீட்டினேன். இருவரும் நடுங்கிக்கொண்டேதான் கடந்தோம்.

சிந்திக்க: பயந்து நிற்கிறவருக்கு நாம் முதலில் நீட்டுவது கேள்வியா, கையா?