கடை செல்போனில் வி.பி.என். வேண்டாம்



சென்ற மாதம் ஒரு நாள் காலை, புவனகிரியில் நமது கடை வாசலில் உளுந்து லாரி வந்து நின்றது. சரக்குக்குப் பணம் அனுப்பப் போனால் கடை செல்போனில் வங்கிச் செயலி திறக்க மறுத்தது. முதல் நாள் இரவு, இந்தியாவில் காட்டப்படாத ஒரு படத்தைப் பார்ப்பதற்காகப் பேரன் அதில் இலவச வி.பி.என். ஒன்றைப் போட்டிருந்தான். அதை நிறுத்திய பிறகே செயலி திறந்தது. அன்று விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஒரு படம் ஒரு நாட்டில் தெரிந்து, மறு நாட்டில் தெரியாதது ஏன்? திரைப்பட விநியோகத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து ஒரு ஏரியா. அதை வாங்கியவர் கோவையில் படம் ஓட்ட முடியாது. நமது ஏஜென்சிகளும் அப்படித்தானே! இணையத்தில் ஒவ்வொரு நாடும் ஓர் ஏரியா. நமது இணைப்பின் ஐ.பி. எண்ணைக் கொண்டு நாட்டைக் கண்டுபிடிக்கிறார்கள்.

வி.பி.என். என்பது ஒரு பார்சல் ஆபீஸ் போன்றது. நமது மூட்டையை அது வாங்கி, தன் பெயரில் வேறு நாட்டிலிருந்து அனுப்புகிறது. பெறுபவருக்கு நமது முகவரி தெரியாது. ஆனால் மூட்டை யாருடையது, எங்கே போகிறது என்பது பார்சல் ஆபீஸ்காரருக்குத் தெரியும். ஆகவே அவர் நம்பிக்கையானவரா என்பதே முக்கியம்.

இலவசமாகச் செய்பவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? பேஸ்புக் நிறுவனம் 2013-ல் வாங்கிய ஒனாவோ என்ற இலவச வி.பி.என்., மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை அந்நிறுவனத்துக்குத் தந்தது. எதிர்ப்பு எழுந்து 2019-ல் மூடப்பட்டது. ஹோலா என்ற மற்றொன்று, இலவசமாகப் பயன்படுத்தியோரின் இணைப்பையே பிறருக்கு விற்றது 2015-ல் வெளிவந்தது.

நமது நாட்டில் வி.பி.என்.னுக்குப் பொதுவான தடை இல்லை. ஆனால் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28-4-2022 அன்று உத்தரவிட்டது. இதனை ஏற்காமல் எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என். போன்ற நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றிக் கொண்டன.

நமது பகுதிப் பிள்ளைகள் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அமீரகத்தில் 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ ஐ.பி. எண்ணை மாற்றினால் சிறைத் தண்டனை உண்டு. அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். வீட்டில் பேச வசதி என்று அங்குள்ள மகனிடம் வி.பி.என். போடச் சொல்லுமுன் இதை நினைவில் கொள்க.

எனவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வங்கி, ஜி.எஸ்.டி., யு.பி.ஐ. உள்ள செல்போனில் இலவச வி.பி.என். கூடாது.
2. கடை போன் வேறு, வீட்டுப் பிள்ளைகளின் போன் வேறு.
3. கிளைக்கடைக் கணக்கைப் பார்க்க வி.பி.என். தேவையானால், நம்பகமான ஒன்றைக் கட்டணம் செலுத்தி, விவரம் தெரிந்தவரைக் கொண்டு அமைக்கவும்.

கல்லாப்பெட்டிச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் தருவோமா? கடை செல்போனும் இன்று கல்லாப்பெட்டியே.