பேசாத ரேடியோவைப் பேச வைப்போம்



பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ பழைய ரேடியோ ஒன்று தூங்கும் வீடுகள் நம் லயங்களில் இன்னும் உண்டு. தாத்தா வாங்கியதாக இருக்கும். "அது செத்துப் போச்சு" என்று மூலையில் வைத்ததோடு சரி. உண்மையில் அவற்றில் பல சாகவில்லை. பற்றரி வைக்கும் இடத்தில் பச்சைக் களிம்பு, அறுந்த ஒரு வயர், தூசி அடைந்த சத்தத் திருகி, பெரும்பாலும் இவ்வளவுதான் நோய். லீவு நாளில் பொழுதுபோக்காகவே திருத்திவிடலாம்.

மலைச்சரிவில் குடியிருக்கும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அடை மழையில் கரண்டு போய், போனில் சார்ஜும் இறங்கிவிட்ட இரவில், நாலு பற்றரியில் ஓடும் ஒரு பெட்டி வீட்டில் இருப்பது பெரிய காரியம்.

சைக்கிள் மிதித்துக் கேட்ட செய்தி

ரேடியோவுக்கு எவ்வளவு குறைந்த கரண்டு போதும் என்பதற்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல. நம் தோட்டத்துப் பிள்ளைகளும் போய்ப் படிக்கிற யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். அங்குள்ள சனம் பேச்சில் 'தின்னவேலி' என்று சொல்லும்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுபோகவும் தடை. ஆண்டுக்கணக்கில் இப்படி இருந்தும் திருநெல்வேலியிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் சனம் செய்தி கேட்பதை விடவில்லை. பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். அதுவும் முடிந்தால் சைக்கிள்தான். அதை ஸ்டாண்டிலோ தலைகீழாகவோ நிறுத்திப் பெடலைச் சுற்றினால், சில்லில் உரசும் டைனமோ கரண்டு தரும். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியையும் கேட்டார்கள். (தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றுவிட்டது.) சுற்றுகிற கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துவிடும்!

இது எப்படி முடிந்தது? சைக்கிள் டைனமோவின் அளவு 6 வோல்ட், 3 வாட். சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ அளவான சத்தத்தில் பாடக் கால் வாட் கூடத் தேவைப்படுவதில்லை. ஆகவே டைனமோவில் தாராளமாக மிச்சம் இருந்தது. பழைய வால்வு ரேடியோவாக இருந்தால் 30, 40 வாட் கேட்கும். எவ்வளவு மிதித்தாலும் அது பாடாது.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். டைனமோவில் வருவது மாறி மாறிப் பாயும் ஏ.சி. கரண்டு. ரேடியோவுக்கு வேண்டியது ஒரே பக்கம் பாயும் டி.சி. நாலு டயோடு சேர்த்த ஒரு பாலமும், 1000 மைக்ரோபெரட் கொண்டென்சர் ஒன்றும் நடுவில் வேண்டும். டைனமோவில் வேறு சுமை இல்லாமல் வேகமாகச் சுற்றினால் வோல்ட் 6ஐத் தாண்டி வெகுதூரம் ஏறிவிடும், டிரான்சிஸ்டர் கருகும். சைக்கிள் பல்பையும் கூடவே எரியவிட்டால் வோல்ட் அடங்கி நிற்கும்.

திருத்தும் வரிசை

முதலில் பற்றரியைக் கழற்றுங்கள். களிம்பு பிடித்த தகட்டைப் பஞ்சில் தொட்ட தேசிக்காய்ச் சாற்றால் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, சான்ட் பேப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தகட்டிலிருந்து போகும் வயர்களை இழுத்துப் பாருங்கள். உறைக்குள்ளேயே அரித்துப் போன வயர் வெளியில் நல்லதாகத் தெரியும்.

புதுப் பற்றரி போட்டும் சத்தமே இல்லையா? காதில் வைத்துக் கேட்கும் இயர்போன் ஓட்டையைச் சந்தேகியுங்கள். இயர்போனைக் குத்தினால் ஸ்பீக்கரை நிறுத்தும் சின்னத் தகடு ஒன்று அதற்குள் இருக்கிறது. அது களிம்பேறிச் சிக்கிக்கொண்டால் பெட்டி ஊமைதான். இயர்போன் முனையைப் பத்துத் தடவை குத்தி எடுத்தாலே சில பெட்டிகள் பேசிவிடும். பிறகு பற்றரிகளை மறுபடி கழற்றிவிட்டு, ஒரே ஒரு 1.5 வோல்ட் பற்றரியின் இரு முனையையும் ஸ்பீக்கரின் இரண்டு காதிலும் ஒரு கணம் தொடுங்கள். 'டொக்' என்றால் ஸ்பீக்கர் உயிரோடு இருக்கிறது.

சத்தத் திருகியைத் திருப்பும்போது 'கரகர' என்றால் உள்ளே அழுக்கு. செட்டை நிறுத்தி, கடையில் விற்கும் கொண்டாக்ட் கிளீனரில் இரண்டு துளி விட்டு முப்பது தடவை திருப்புங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். அது தூசியை இன்னும் சேர்க்கும்.

சத்தம் மெலிந்து போனாலோ, 'டுப் டுப்' என்று படகு இயந்திரம் போல அடித்தாலோ, வட்டமான சிறு டப்பா போன்ற கொண்டென்சர் உள்ளே காய்ந்திருக்கலாம். அதே மைக்ரோபெரட், அதே அளவோ கூடிய அளவோ வோல்ட் உள்ளதை வாங்கி, கூட்டல் கழித்தல் பக்கம் மாறாமல் ஈயத்தால் பற்றவையுங்கள். ஆனால் சிறு தகரக் கூட்டுக்குள் மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத்தில் திருகாணி போலத் தெரிபவற்றை மட்டும் தொடாதீர்கள். அவை நிலையங்களைச் சரியாகப் பிடிக்கக் கம்பனியில் வைத்த அளவு. ஆசைக்கு ஒரு சுற்றுச் சுற்றினால், நல்லாய் இருந்த பெட்டியும் காது கேளாததாகிவிடும்.

வால்வுப் பெட்டி என்றால்

மரப்பெட்டி வால்வு ரேடியோவைக் கண்டவுடன் பிளக்கில் மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. சில வகையில் அடித்தகடே நேராக மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். தொட்டால் ஆளையே கொல்லும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொண்டென்சர்களில் கரண்டு தங்கி நிற்கும். நாள்பட்ட மெழுகுக் கடதாசிக் கொண்டென்சர்கள் ஒழுகி டிரான்ஸ்போமரைக் கருக்கிவிடும். ஆகவே இதைத் தெரிந்த ரேடியோக்காரரிடம் கொடுப்பதே புத்தி. தெரிந்தவர்கள் ஒரு 60 வாட் பல்பைத் தொடரில் போட்டுத்தான் முதல் தடவை கரண்டு கொடுப்பார்கள். உள்ளே எங்கேனும் கோளாறு இருந்தால் பல்பு பளீரென்று எரியும், பெட்டி தப்பும்.

நீங்கள் செய்யக்கூடியது வெளிவேலை. பெட்டியை உலர்ந்த துணியால் துடையுங்கள். டயல் கண்ணாடியின் எழுத்துப் பக்கத்தைத் துடைக்கவே கூடாது. நகரங்களின் பெயர்கள் சோப்புத் தண்ணீரோடு கரைந்து போய்விடும். முள்ளை நகர்த்தும் நூலைக் கழற்றுமுன் அது போகும் வழியைக் கடதாசியில் வரைந்து வையுங்கள். பழைய சாமானைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நம் நாட்டு வானொலியே பழைய சாமானில் பிறந்ததுதான். 1920களில் எட்வர்ட் ஹாப்பர் காலத்தில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் நடந்த பரிசோதனை ஒலிபரப்புக்கு, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிச் சாமான்களைத்தான் எடுத்தார்கள். முறையான ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16இல் தொடங்கியது.

இன்று நம் நாட்டு நிலையங்களில் பெரும்பாலானவை எப்.எம்.மில் இருக்கின்றன. பழைய பெட்டிகள் பலவற்றில் எப்.எம். இல்லை. வீட்டில் இரண்டு பெட்டி இருந்தால், மழைக்கால உதவிக்கு எப்.எம். உள்ளதை முதலில் திருத்துங்கள். மத்திய அலை மட்டும் உள்ள பெட்டியை இரவில் போட்டுப் பாருங்கள். பகலில் அந்த அலையை விழுங்கும் வான அடுக்கு பொழுது சாய்ந்ததும் மறைந்துவிடுவதால் தூரத்து நிலையங்களும் கேட்கும். சத்தம் தெளிவில்லை என்றால் பெட்டியை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே படுத்திருக்கும் கறுப்புக் கம்பிதான் அதன் ஏரியல். அதன் நீளப் பக்கம் நிலையத்தைப் பார்த்தபடி நிற்கும்போது சத்தம் கூடும்.