கார்டைக் காட்டினால் கதவு எப்படித் திறக்கிறது?

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் கரன்ட் போய்விட்டது. விடிந்து கீழே இறங்கியபோது, கார்டு காட்டினால் மட்டுமே திறக்கும் நுழைவுக் கதவு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டி, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? கரன்ட் போனா பூட்டு இறுகணும். இது ஏன் பப்பரப்பேன்னு திறந்து கிடக்கு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பதில் தெரிய வேண்டுமானால் சில சொற்கள் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு இவை கடினமாக இருக்காது.

கிரெடென்ஷியல்

'நான் இன்னார்' என்று காட்ட நீங்கள் தருவது கிரெடென்ஷியல். அது கார்டாக இருக்கலாம், ரகசிய எண்ணாக இருக்கலாம், கைரேகையாகவும் இருக்கலாம். கம்ப்யூட்டரில் யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுப்பது போலத்தான். இவர் யார் என்று சரிபார்ப்பது ஆதென்டிகேஷன். இவரை இந்தக் கதவில், இந்த நேரத்தில் விடலாமா என்று முடிவு செய்வது ஆதரைசேஷன். வேலைக்கு வரும் அக்காவின் கார்டு காலையில் மட்டும் வேலை செய்வது இரண்டாவதால்தான்.

ரீடர், கண்ட்ரோலர்

சுவரில் இருக்கும் சிறிய பெட்டி ரீடர். இதைக் கீபோர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்ததை உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். முடிவு எடுப்பது கண்ட்ரோலர். அதுதான் சி.பி.யூ. கண்ட்ரோலரைக் கதவுக்கு உள்பக்கம் பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். விலை குறைந்த சில கருவிகளில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். அதை வெளிச்சுவரில் மாட்டினால், பெட்டியைக் கழற்றி ஒயரை இணைத்தே கதவைத் திறந்துவிடலாம்.

வீகாண்ட், ஃபெசிலிட்டி கோடு

ரீடரும் கண்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் பழைய முறைக்கு, ஜான் வீகாண்ட் என்பவரின் பெயரால் வீகாண்ட் என்று பெயர். பரவலாக உள்ளது 26 பிட் வடிவம். இதில் 8 பிட் ஃபெசிலிட்டி கோடு, 16 பிட் கார்டு எண், மீதி 2 பிட் பிழை பார்க்கும் பேரிட்டி.

உங்கள் கார்டில் 0012345678 என்றும், பக்கத்தில் 188,24910 என்றும் அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து 188-ஐ 65536-ஆல் பெருக்குங்கள். 12320768 வரும். அதனுடன் 24910-ஐக் கூட்டினால் 12345678. இரண்டும் ஒரே எண்தான், எழுதும் விதம்தான் வேறு. அதனால் கார்டின் புகைப்படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

125 கிலோ ஹெர்ட்ஸில் இயங்கும் சாதாரண கார்டு, கேட்ட எவருக்கும் தன் எண்ணைச் சொல்லிவிடும். எளிதாக நகல் எடுக்கலாம். 13.56 மெகா ஹெர்ட்ஸ் கார்டுகள் பலவற்றில் ரகசியக் குறியாக்கம் உண்டு. ஆனால் மைஃபேர் கிளாசிக் கார்டின் குறியாக்கத்தை உடைக்க முடியும் என்று நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் காட்டிவிட்டார்கள். புதிதாக வாங்குவோர் ஏ.இ.எஸ். குறியாக்கம் உள்ள கார்டைக் கேட்டு வாங்குவது நல்லது.

எஃப்.ஏ.ஆர்., எஃப்.ஆர்.ஆர்.

இவை கைரேகைக் கருவியின் இரண்டு தவறுகள். அந்நியரை உள்ளே விட்டால் ஃபால்ஸ் அக்செப்ட். உரியவரையே தடுத்தால் ஃபால்ஸ் ரிஜெக்ட். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். பாத்திரம் தேய்த்து ரேகை தேய்ந்த கைகளுக்கும் முதியவர்களுக்கும் இரண்டாவது தவறு அதிகம் நேரும். அவர்களுக்குக் கார்டும் கொடுத்துவிடுங்கள்.

ஃபெயில் சேஃப், ஃபெயில் செக்யூர்

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். எங்கள் கதவில் இருப்பது மேக்னட்டிக் லாக். கரன்ட் ஓடும்வரை மின்காந்தம் இரும்புத் தகட்டை இழுத்துப் பிடிக்கும். 600 பவுண்டு, அதாவது சுமார் 270 கிலோ இழுவிசை என்பது வழக்கமான அளவு. கரன்ட் நின்றால் பிடி விட்டுப்போகும். மின்சாரம் இல்லாதபோது திறந்துகொள்ளும் இந்த வகைக்கு ஃபெயில் சேஃப் என்று பெயர். இதில் 'சேஃப்' என்பது பொருளுக்கு அல்ல, மனிதர்களுக்கு.

மின்சாரம் போனாலும் வெளியிலிருந்து பூட்டியே இருப்பது ஃபெயில் செக்யூர். எலெக்ட்ரிக் ஸ்ட்ரைக் எனப்படும் பூட்டை இப்படி அமைக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியே வர முடிய வேண்டும். 1997 ஜூன் 13-ல் டெல்லி உப்ஹார் திரையரங்குத் தீயில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியிலிருந்து வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. அது எலெக்ட்ரானிக் பூட்டு பற்றிய கதை அல்ல. என்றாலும் பாடம் ஒன்றுதான்: உள்ளே இருப்பவரைக் கதவு சிறை வைக்கக் கூடாது. மேக்னட்டிக் லாக் உள்ள இடத்தில், கண்ட்ரோலர் கெட்டுப்போனாலும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் எமர்ஜென்சி பட்டன் உள்பக்கம் இருக்க வேண்டும்.

அப்படியானால் எங்கள் கதவின் தவறு என்ன? பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. பூட்டுக்கு 0.5 ஆம்பியர், மற்றவற்றுக்கு 0.3 என்று வைத்தால் மொத்தம் 0.8. ஏழை இதனால் வகுத்தால் எட்டே முக்கால் மணி நேரம். இது புதுப் பேட்டரிக் கணக்கு. எங்களுடையதை மாட்டிய பிறகு யாரும் மாற்றவே இல்லை. உங்கள் யூ.பி.எஸ். நாளாக ஆக ஐந்து நிமிடத்தில் அலறத் தொடங்குகிறதே, அதே கதைதான்.

கீழே வைத்து இதையெல்லாம் சொன்னேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ தீப்பிடிச்சா திறக்கும், அது நல்லது. ஆனா புயல் ராத்திரிக்கு எனக்கு என்ன வழி?" என்றார். அதற்கும் பதில் தேட வேண்டியிருந்தது. அந்த வாரமே பேட்டரியை மாற்றினோம். நுழைவுக் கதவில், உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் சாதாரணப் பூட்டு ஒன்றையும் சேர்த்துப் பொருத்தினோம்.

உங்கள் கட்டடத்தில் இத்தகைய கதவு இருந்தால் இன்றே நான்கு கேள்வி கேளுங்கள். கரன்ட் போனால் இது திறக்குமா, பூட்டுமா? பேட்டரி எப்போது மாற்றியது? எமர்ஜென்சி பட்டன் வேலை செய்கிறதா? வீடு காலி செய்தவர்களின் கார்டுகளை நீக்கியாயிற்றா? விடை தெரியாவிட்டால், பகலில் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கதவே சொல்லிவிடும்.