முயல் சைவம்தான், அதன் புழுக்கை?

"முயல் புல் மட்டும் தின்னும் சாதுப் பிராணி. அதன் புழுக்கையில் கிருமி இருக்காது. மக்க வைக்கவே வேண்டாம், அப்படியே தொட்டியில் போடலாம்."

இந்த மூன்று வாக்கியங்களையும் காதில் வாங்காமல் மும்பையில் ஒரு வாரம் கழிவதில்லை. செம்பூரில் லிப்டுக்குள் கேட்டேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டே ஒரு மாமி இன்னொரு மாமிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தாராவியில் தகரக் கூரைமேல் தெர்மோகோல் பெட்டிகளில் கீரை வளர்க்கும் அண்ணாச்சி ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார். குழந்தை ஆசைப்படுகிறதே என்று கிராஃபர்ட் மார்க்கெட்டில் ஒரு ஜோடி முயல் வாங்கி வருகிறார்கள். ஒரு வருஷத்துக்குள் பால்கனியில் நிற்க இடமிருப்பதில்லை. வளர்ந்த முயல் ஒன்று நாளொன்றுக்கு இருநூறு, முந்நூறு புழுக்கை போடும். இத்தனையையும் எங்கே கொட்டுவது என்று விழிக்கும் குடும்பத்துக்கு அந்த மூன்று வாக்கியங்களும் வரப்பிரசாதம். செலவில்லாத பதில் என்பதால்தான் இத்தனை வேகமாகப் பரவியிருக்கிறது.

முதல் வாக்கியம் சரி. இரண்டாவது தப்பு. மூன்றாவதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இரண்டாவதைவிட மோசம்.

அந்தப் பாதி உண்மையை முதலில் கொடுத்துவிடுகிறேன். பச்சைக் கோழி எருவைத் தொட்டியில் கொட்டினால் இரண்டே நாளில் செடி கருகும். முயல் புழுக்கை அப்படிச் சுடாது. மூத்திரம் தனியாகப் போய்விடும், தழைச்சத்து உருண்டைக்குள் கட்டுண்டு மெதுவாகத்தான் வெளியே வரும். ஆகவே வேருக்கு ஆபத்து குறைவு. ஆனால் இது செடியைப் பற்றிய பேச்சு. அந்தச் செடியைக் கிள்ளித் தின்னப்போகிற உங்கள் பேரனைப் பற்றி இதில் ஒரு வார்த்தைகூட இல்லை. வேர் கருகுமா என்பது ஒரு கேள்வி, வயிறு கெடுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் எழுதி வைத்துக்கொண்டு ஊரே நிம்மதியாக இருக்கிறது.

இனி, சைவத்துக்கு வருவோம். மல மாதிரிகளை நுண்ணோக்கியில் பார்த்தே பிழைப்பு நடத்தியவன் நான். எதைத் தின்கிறது என்பதை வைத்து ஒரு விலங்கின் குடலுக்கு நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. மாட்டைவிடச் சைவமான பிராணி நமக்குத் தெரியுமா? ஈ.கோலை ஓ157 என்ற கிருமிக்கு முக்கிய இருப்பிடமே மாட்டின் குடல்தான். மாட்டுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை. மனிதனுக்குப் போனால் ரத்தபேதி, சின்னக் குழந்தையாக இருந்தால் சிறுநீரகமே செயலிழக்கலாம். 2006இல் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பசலையைத் தின்று சுமார் 200 பேர் நோயில் விழுந்தார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. கலிஃபோர்னியாவில் அந்தக் கீரை விளைந்த வயலுக்குப் பக்கத்துப் பண்ணையில் மாட்டுச் சாணத்திலும் காட்டுப்பன்றிக் கழிவிலும் அதே கிருமியைக் கண்டுபிடித்தார்கள். புல் தின்ற மாடு, பச்சையாகத் தின்ற கீரை.

"அது மாடு, இது முயல்" என்பீர்கள். சரி, முயலையே பார்ப்போம். 2001 கோடையில் இங்கிலாந்தில் ஒரு வனவிலங்குப் பூங்காவுக்குப் போய்வந்தவர்களுக்கு இதே ஓ157 தொற்று வந்தது. அங்கே திரிந்த காட்டு முயல்களின் புழுக்கையில் அந்தக் கிருமி இருந்தது. அடுத்தது 2008 ஜூன். அதே நாட்டில் நார்த்தாம்ப்டன்ஷையரின் பிட்ஸ்ஃபோர்டு நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஒரு முயல் எப்படியோ புகுந்து தொட்டியில் விழுந்து செத்தது. ஒரே ஒரு முயல். இரண்டரை லட்சம் பேருக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி உத்தரவு போனது. இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கு உறுதியானது. காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, அதிலும் முயலுக்கே உரிய வகை. இது குளோரினுக்கு அசையாது. காய்கறி கழுவ நீங்கள் வாங்கி வைத்திருக்கும் பாட்டில் திரவத்துக்கும் அசையாது. கொதிக்கிற நீருக்குப் பணியும்.

இவை காட்டு முயல்கள், என் முயல் வீட்டிலேயே வளர்கிறது என்று ஒருவர் சொன்னார். வீட்டில் அதற்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். மார்க்கெட் மூடும் நேரத்தில் தரையிலிருந்து பொறுக்கி வரும் முட்டைக்கோஸ் இலை! அந்தத் தரையில் என்னென்ன நடக்கும் என்பது தாதர் மார்க்கெட்டுக்கு ஒருமுறை போனவருக்கும் தெரியும். கிருமி வந்து சேர முயல் காட்டுக்குப் போகவேண்டியதில்லை.

இதில் இன்னொரு அறிவாளித்தனமும் உலவுகிறது. முயல் தன் மென்மையான கழிவை உடனே திரும்பத் தின்றுவிடும். அந்தக் கழிவு இரண்டாம் தடவை குடலைக் கடக்கும். இது உண்மை. ஆகவே அது "இரண்டு தடவை சுத்தமானது" என்கிறார்கள். குடலுக்குள் இரண்டு தடவை போய்வந்தால் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவரிடம் என்ன பேசுவது?

நியாயமாகச் சிலவற்றையும் சொல்லவேண்டும். முயல் குட்டிகளைக் கழிச்சலில் கொல்லும் ரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணி மனிதனுக்குத் தொற்றாது. டைபாய்டு முயலிடமிருந்து வராது, அது மனிதன் மனிதனுக்குக் கொடுப்பது. ஆரோக்கியமானவருக்கு முயல் எருவால் நோய் வரும் வாய்ப்பு பெரிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் கீமோ எடுத்துக்கொள்பவர், சிறுநீரகம் மாற்றியவர், கைக்குழந்தை யாராவது இருந்தால் கணக்கே வேறு. முயல் மூத்திரத்தில் வெளிவரும் என்செபலிட்டோசூன் என்ற நுண்ணுயிரி எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். அவர்கள் கூண்டையும் தொட்டியையும் தொடவேண்டாம்.

எந்தச் செடிக்குப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். கறிவேப்பிலை எண்ணெயில் பொரிகிறது, முருங்கை சாம்பாரில் கொதிக்கிறது, கத்தரிக்காய் வேகிறது. இவற்றுக்குப் பயம் குறைவு. கொத்தமல்லியும் புதினாவும்தான் விவகாரம். மும்பையில் பச்சைச் சட்னி இல்லாமல் ஒரு சாண்ட்விச் உண்டா? இலை மண்ணை ஒட்டி வளர்கிறது, மழைத்துளி மண்ணை இலைமேல் தெறிக்கிறது, நாம் அடுப்பில் ஏற்றாமல் அரைக்கிறோம். குழாயில் அலசினால் மண் போகும், ஒட்டியிருக்கும் கிருமி முழுக்கப் போகாது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில் இதற்குத் தெளிவான எண்கள் உண்டு. மக்காத எருவைப் போட்டால், தின்னும் பாகம் மண்ணைத் தொடும் பயிருக்கு அறுவடைக்கு 120 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், தொடாத பயிருக்கு 90 நாள். கொத்தமல்லி விதைத்து நாற்பது நாளில் கிள்ளுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கொத்தமல்லித் தொட்டிக்குள் பச்சைப் புழுக்கைக்கு இடமே கிடையாது.

மற்றக் கதைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

"நாலு நாள் வெயிலில் காயவைத்தால் போதும்." கிரிப்டோஸ்போரிடியத்துக்கு உலர்வது ஆகாது, உண்மை. ஆனால் சால்மோனெல்லா காய்ந்த பொருளிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். காய்ந்ததைக் கையால் நொறுக்கும்போது எழும் தூசியை மூக்கு வாங்கிக்கொள்ளும், அது தனி.

"முயல் எருவில் மாட்டு எருவைவிட நாலு மடங்கு சத்து." சாணத்தில் பெரும்பகுதி தண்ணீர், புழுக்கையில் தண்ணீர் குறைவு. ஈரத்தையும் காய்ந்ததையும் தராசில் வைத்தால் நாலு மடங்கு வரத்தான் செய்யும். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஆட்டுப் புழுக்கையில் தழைச்சத்து 3 சதவீதம், தொழுவுரத்தில் அரை சதவீதம். ஆட்டுப் புழுக்கை முயலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. தேவ்நார் ஆட்டுச் சந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இதற்காக முயல் வாங்குவது வேண்டாத வேலை.

"ரசாயன உரம் விஷம், எரு அமிர்தம்." செம்பூரில் ஆர்.சி.எஃப். ஆலை தயாரிக்கும் சுஃபலா 15:15:15இல் குடல் கிருமி கிடையாது. நான் அதற்கு விளம்பரம் செய்யவில்லை. அளவு மீறினால் அதுவும் செடியைக் கொல்லும், மண்ணுக்கு அது உயிரும் தராது. ஆனால் எது விஷம் என்பதைப் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

"மண்புழு எல்லாக் கிருமியையும் தின்றுவிடும்." குறைக்கும். ஒழிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூத்திரம் ஊறிய புழுக்கையைப் போட்டால் அமோனியாவில் புழுவே செத்துப்போகும்.

யாரும் பேசாத ஆபத்து எலி. கூண்டுக்கடியில் சிந்தும் தவிட்டுக்கும் சோளத்துக்கும் எலி வரும். எலி மூத்திரத்தில் லெப்டோஸ்பைரா வரும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் இந்த நகரத்தை என்ன செய்தது என்று பழையவர்களைக் கேளுங்கள். தீவனத்தை மூடிய டப்பாவில் வையுங்கள். இரவில் கூண்டுக்கடியைப் பெருக்குங்கள். தெருப்பூனை தொட்டி மண்ணைக் கழிப்பறையாக்காமல் வலை போடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மண்ணுக்கு வருவது பூனையின் கழிவிலிருந்துதான், அதற்காக முயலைத் திட்டவேண்டாம்.

அப்படியானால் எருவை என்னதான் செய்வது? மக்க வையுங்கள், அவ்வளவுதான். புழுக்கை ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு, பிழிந்தால் ஒரு சொட்டு வருமளவு ஈரம். குவியலின் நடுவில் 55 டிகிரி சூடு ஏறி நிற்கவேண்டும். திறந்த குவியல் என்றால் பதினைந்து நாள் அந்தச் சூடு இருக்கவேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்டவேண்டும். கிருமியைக் கொல்வது இந்தச் சூடுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், இந்தச் சூடு வரக் குவியல் ஏறக்குறைய ஒரு கன மீட்டராவது இருக்கவேண்டும். கும்பார்வாடாவில் வாங்கித் துளைபோட்ட மண்பானையிலோ பெயின்ட் வாளியிலோ அது வராது. எரு மக்கும், கறுப்பாகும், நல்ல மண் வாசனையும் வரும். சூடு மட்டும் ஏறியிருக்காது. பானைக்காரர்கள் காலத்தைத்தான் நம்பவேண்டும். கடைசியாகப் புழுக்கை சேர்த்த நாளிலிருந்து நாலு மாதம், மழை இறங்காதபடி மூடி. வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் திறந்த பானை எருவாகாது, சாக்கடையாகும். ஜூன் தொடக்கத்தில் மூடிய பானையை அக்டோபரில் திறங்கள், அதையும் பூச்செடிக்கும் கறிவேப்பிலைக்கும் போடுங்கள்.

ஒரு கன மீட்டர் என்றதும் என் பழைய சண்டை ஞாபகம் வருகிறது. தனி வீட்டுப் பால்கனியால் முடியாதது குடியிருப்புச் சொசைட்டியால் முடியும். பெரிய சொசைட்டிகள், அதாவது 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவையும் தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை போடுபவையும், ஈரக்குப்பையைத் தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று மாநகராட்சி 2017 அக்டோபர் 2ஐக் கெடுவாக வைத்தது. எத்தனை இடத்தில் நடக்கிறது? ஃபைவ் கார்டன்ஸ் மரங்களின் சருகும், மாட்டுங்கா பூக்கடைகளில் மிஞ்சும் வாடிய பூவும், நம் வீட்டுக் காய்கறித் தோலும் லாரியேறிப் போகின்றன. 1927 முதல் குப்பை வாங்கிவரும் தேவ்நார் மேட்டில் 2016 ஜனவரியில் தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தபோது, செம்பூரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமியவர்கள்தான் இன்றைக்கும் "அந்த நாற்றம் நமக்கெதற்கு" என்று பொதுக்குழுவில் கை தூக்குகிறார்கள். தாராவிக்குப் பக்கத்தில் 37 ஏக்கரில் நிற்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவும் ஒரு காலத்தில் குப்பை மேடுதான். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சருகு ஃபைவ் கார்டன்ஸில் கிடைக்கிறது, தோல் எல்லா வீட்டிலும் இருக்கிறது, தழைச்சத்துக்கு உங்கள் முயலே போதும். நீளத் தண்டு வைத்த ஒரு தெர்மாமீட்டரும் மண்வெட்டியும் வாங்கினால் முடிந்தது. இடமில்லை என்று செயலாளர் சொல்வார். பார்க்கிங்கில் காற்றிறங்கிய டயரோடு வருஷக்கணக்காக அசையாமல் நிற்கும் இரண்டு ஸ்கூட்டர்களை அவருக்குக் காட்டுங்கள். அந்த இடத்தில் ஒரு கன மீட்டர் தாராளமாக அடங்கும்.