எந்தத் திரைவாசிப்பான்? கல்லூரிக்குப் போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புத் தம்பிக்கு,

திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான்களில் எதைப் புது மடிக்கணினியில் போட்டுக்கொள்வது என்று கேட்டிருந்தாய். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவில் தொடங்கு என்பதே என் பதில். ஆனால் நான் சொல்கிறேன் என்பதற்காக அதை ஏற்காதே. இனி மூன்று ஆண்டுகள் நீ எதைப் படிக்கப்போகிறாயோ, எதை எழுதப்போகிறாயோ, அதைக் கொண்டே சோதித்துப் பார். ஒரு தமிழ்ப் பாடம், ஓர் ஆங்கிலக் கட்டுரை, ஓர் அட்டவணை, ஒரு விண்ணப்பப் படிவம் ஆகிய நான்கையும் திறந்து, யார் உதவியும் இல்லாமல் முடிக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். விளம்பரத்தில் வரும் வசதிப் பட்டியல் இதைச் சொல்லாது.

இலவசமாகக் கிடைப்பது எப்படி நன்றாக இருக்கும் என்று வீட்டில் கேட்பார்கள். என்விடிஏவை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். கண்ணுள்ளவர்கள் வாங்கும் கணினிக்கு மேல், பார்வையற்றவர் இன்னொரு பெருந்தொகை கொடுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் எண்ணம். விலை கொடுத்து வாங்கும் ஜாஸ் என்ற திரைவாசிப்பான், பார்வை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-இல் வெளியிட்டது. அதுவும் மிகத் திறமையானதே. உரிமம் இல்லாமல் ஓட்டினால் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும், கணினியை மறுபடி தொடங்க வேண்டும். வெப்எய்ம் அமைப்பு 2023 டிசம்பர், 2024 ஜனவரி மாதங்களில் திரைவாசிப்பான் பயன்படுத்துவோரிடம் எடுத்த கணிப்பில், ஜாஸை முதன்மையாகப் பயன்படுத்துவோர் 40.5 விழுக்காடு, என்விடிஏவை 37.7 விழுக்காடு. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க, ஐரோப்பிய நாட்டவர்கள். வாங்க வசதியுள்ள நாடுகளிலேயே இவ்வளவு பேர் என்விடிஏவைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால், இலவசம் என்பதால் மட்டும் அதைத் தாழ்வாக எண்ண இடமில்லை.

அடுத்த குறை, குரல் இயந்திரம் போல இருக்கிறது என்பது. பலர் தவறான முடிவெடுப்பது இங்கேதான். குரல் வேறு, திரைவாசிப்பான் வேறு. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் கரகரப்பாகத்தான் தமிழ் பேசும். ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் சொற்கள் குழையாது, அதனால்தான் நூற்றுக்கணக்கான பக்கங்களை வேகமாகக் கேட்பவர்கள் அதை விடுவதில்லை. இயல்பான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் தரும் தமிழ்க் குரலான வள்ளுவரை என்விடிஏவிலேயே அமைத்துக்கொள்ளலாம். குரல் பிடிக்கவில்லை என்று மென்பொருளையே தள்ளிவிடாதே.

தமிழ்ப் பாடத்தில் உனக்கு வரப்போகும் பெரிய தொல்லை மென்பொருளால் வருவதே அல்ல. கோப்பு ஒருங்குறியில் (யூனிகோட்) இருந்தால் எந்தத் திரைவாசிப்பானுக்கும் அது தமிழ். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கும். வாசிப்பான் அதைத்தான் படிக்கும். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது மாறாது. ஆகவே ஆசிரியர்களிடம் ஒருங்குறிக் கோப்பாகக் கேள்; கிடைக்காதபோது மாற்றிக்கொள்ள எழுத்துரு மாற்றி ஒன்றை வைத்துக்கொள். ஸ்கேன் செய்து படமாக அனுப்பும் பக்கங்களுக்கு எழுத்துரு மாற்றி உதவாது; அவற்றை எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளால் எழுத்தாக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, காதால் மட்டும் படித்தால் ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகிவிடும். சந்தேகம் வந்தால் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாகக் கேள். பிரெயில் காட்சிக் கருவி கிடைத்தால் என்விடிஏவோடு இணைத்து விரலால் படி. பிரெயிலை மட்டும் கைவிடாதே.

கைப்பேசியில் டாக்பேக் திரைவாசிப்பான் இருக்கிறதே, அது போதாதா? செய்தி படிக்க, பணம் அனுப்பப் போதும். அடிக்குறிப்போடு இருபது பக்கக் கட்டுரை எழுதித் திருத்த விசைப்பலகைதான் வேண்டும்; தமிழ்99 தட்டச்சு முறையை இந்த விடுமுறையிலேயே பழகிவிடு. வேலைக்குப் போகும் இடத்தில் ஜாஸ்தான் இருக்கும் என்றும் சிலர் பயமுறுத்துவார்கள். இணையப் பக்கத்தில் தலைப்புகளுக்கு எச், அட்டவணைகளுக்கு டி, படிவப் பெட்டிகளுக்கு எஃப் என்று தாவும் முறை இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றில் கை பழகியவர் மற்றதற்கு மாறப் பெரிய பயிற்சி தேவையில்லை. அரைகுறையாக மூன்றை அறிந்தவரைவிட, ஒன்றை ஆழமாக அறிந்தவர் விரைவில் மாறுவார்.

தேர்வைப் பற்றி மட்டும் இப்போதே ஏற்பாடு செய். என்விடிஏவை பென்டிரைவில் கொண்டுபோய் இன்னொரு கணினியில் ஓட்டலாம். ஆனால் தேர்வுக்கூடத்தில் பென்டிரைவைத் தடுத்திருக்கலாம், அதை நம்பி உட்காராதே. கணினியில் தேர்வெழுதுபவர் ஒரு நாள் முன்னதாகவே அந்தக் கணினியைச் சரிபார்க்க அனுமதிக்க வேண்டும் என்று மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் 2018 வழிகாட்டு நெறிமுறைகள் சொல்லியிருந்தன. சேர்ந்த முதல் மாதமே, இப்போது நடப்பில் உள்ள நெறிமுறைகளைக் கேட்டறிந்து, உனக்கு என்விடிஏ வேண்டும், எந்தத் தமிழ்க் குரல் வேண்டும் என்பதைக் கல்லூரி முதல்வருக்கு எழுத்தில் கொடுத்துவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்