கொட்டை, விதைப் பானம்: வீட்டில் செய்வோம், கணக்குப் பார்த்துச் செய்வோம்



எமது பிள்ளைகள் "ஸ்மூதி" என்று சொல்லிக் கடையில் வாங்கிக் குடிக்கும் தடித்த பானம் எமக்கு முற்றிலும் புதியதல்ல. எள்ளையும் உழுந்தையும் இடித்துப் பாகும் களியும் செய்து உண்டவர்கள் நாம். வட இந்தியர் சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாதாம், பெருஞ்சீரகம், மிளகு, ஏலக்காய் ஆகியவற்றை அரைத்துப் பாலில் கலந்து "தண்டாய்" என்ற பானம் செய்கிறார்கள். அம்மி இருந்த இடத்தில் இன்று பிளெண்டர் இருக்கிறது. ஆனால் நல்ல பொருள்கள் சேர்ந்தால் மட்டும் ஒரு பானம் நல்லதாகிவிடாது. எதை, எவ்வளவு, யாருக்கு என்று தெரிந்து செய்ய வேண்டும்.

1. பெட்டியில் வரும் பாதாம் பால்

கணக்கு வேலை செய்யும் நாம் முதலில் பார்ப்பது பெட்டியின் பின்பக்கத்தைத்தான். இங்கு கனடாவில் சேர்மானங்களை எடையின்படி, கூடியதிலிருந்து குறைந்ததற்கு எழுதுவார்கள். பாதாம் பால் பெட்டியில் முதலில் வருவது தண்ணீர். ஒரு கப்பில் புரதம் பெரும்பாலும் 1 கிராம்தான். அது நாலைந்து பாதாம் பருப்பில் உள்ள புரதம். மீதிக்கு நாம் கொடுக்கும் காசு தண்ணீருக்கும் பெட்டிக்கும் சேர்க்கப்பட்ட விற்றமின்களுக்குமே.

2. செய்முறை (இருவருக்கு)

பாதாம் 30 கிராம் (சுமார் 25 பருப்பு), எள்ளு 1 மேசைக்கரண்டி, பூசணி விதை 1 மேசைக்கரண்டி, ஏலக்காய் 2, மிளகு 4, கறுவா ஒரு சிட்டிகை, வாழைப்பழம் பாதி, பெரிய பேரீச்சம்பழம் 1, தண்ணீர் 400 மி.லீ.

பாதாமை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவிடுங்கள். வெளியில் வைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரை ஊற்றிவிடுங்கள். எள்ளை இலேசாக வறுத்தால் கசப்புக் குறையும். முதலில் கொஞ்சத் தண்ணீர் மட்டும் விட்டு விழுதாக அரைத்து, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். வடிக்க வேண்டாம், சக்கையில்தான் நார்ச்சத்து இருக்கிறது. அன்றைக்கே குடித்து முடியுங்கள்.

ஒருவருக்குச் சுமார் 200 கலோரியும் 6 கிராம் புரதமும் கிடைக்கும். அது ஒரு முட்டையில் உள்ள புரதம். மரக்கறி உணவு மட்டும் உண்ணும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் இது தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீரல்ல, உணவு. சோற்றுக்கு மேல் இதையும் குடித்தால் உடம்பு பருக்கும். இதில் பி12 விற்றமின் இல்லை. ஆகவே சிறு குழந்தைகளுக்குப் பசும்பாலுக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். சிறுநீரக நோயாளர் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

3. இனிப்பு

355 மி.லீ. கோலா ரின் ஒன்றில் 39 கிராம் சீனி இருக்கிறது. பெரிய மெட்ஜூல் பேரீச்சம்பழம் ஒன்றில் சுமார் 16 கிராம். "இயற்கை இனிப்புத்தானே" என்று மூன்றைப் போட்டால் 48 கிராம், கோலாவைத் தாண்டிவிட்டோம்! நார்ச்சத்து உண்டென்றாலும், நீரிழிவு உள்ளவர்களின் குவளையில் பேரீச்சம்பழமே வேண்டாம்.

4. கறுவாவும் சாதிக்காயும்

இலங்கைக் கறுவா மெல்லிய பட்டைகள் பல அடுக்காகச் சுருண்டது, கையால் நொறுக்கலாம். இங்கு கடைகளில் பெரும்பாலும் விற்பது தடித்த ஒற்றைச் சுருளான "கஸியா". அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மிஞ்சினால் சிலருக்கு ஈரலைப் பாதிக்கும். 15 கிலோ எடையுள்ள பிள்ளை நாளொன்றுக்குக் கஸியா அரைக் கிராமுக்கு மேல் உண்ணக்கூடாது என்பது ஜேர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் கணக்கு. தினமும் குடிப்பதானால் எமது ஊர்க் கறுவாவையே முழுப் பட்டையாக வாங்கித் தூளாக்குங்கள். சாதிக்காய் நுள்ளளவு போதும். ஒரு முழுக்காய் நஞ்சாகும்.

5. "பச்சை" என்ற சொல்

2000–2001இல் கனடாவில் பச்சைப் பாதாம் மூலம் சல்மொனெல்லாக் கிருமி பரவியது. 2007 செப்டெம்பர் முதல் வட அமெரிக்காவில் விற்கும் கலிபோர்னியாப் பாதாமைக் கிருமி நீக்கியே விற்க வேண்டும். பச்சைக் கஜு என்று விற்பதும் சூடு காட்டியதுதான். ஊரில் கஜுக்கொட்டை சுட்டு வாயும் கையும் வெந்தவர்களுக்கு, கோதிலுள்ள எண்ணெய் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே "பச்சை" என்ற சொல்லுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

6. கோயிலுக்குக் கொண்டுவரும்போது

இதுவே மிக முக்கியமானது. ஒன்ராறியோவில் 2003இல் 13 வயது மாணவி ஒருத்தி உணவு ஒவ்வாமையால் பாடசாலையில் மயங்கி வீழ்ந்து இறந்தாள். அதன் விளைவாக வந்த "சப்ரினா சட்டம்" 2006 முதல் எல்லாப் பாடசாலைச் சபைகளையும் கட்டுப்படுத்துகிறது. பாடசாலையில் இவ்வளவு கவனம் பெறும் பிள்ளை, எமது மண்டபத்தில் பெயர் எழுதாத ஒரு குவளைக்கு முன் நிற்கிறது. கச்சான், கஜு, பாதாம் மட்டுமல்ல, எள்ளும் கனடாவின் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் உண்டு. அரைத்துவிட்டால் எது கலந்தது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே கொட்டை, எள்ளுச் சேர்ந்த பானத்தைப் பொதுப் பந்திக்குக் கொண்டுவராதீர்கள். மோரும் பானகமும் போதும். வேறு எதைக் கொண்டுவந்தாலும் சேர்மானத்தை இரு மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். கொட்டை அரைத்த பிளெண்டரை நன்றாகக் கழுவாமல் வேறெதையும் அரைக்காதீர்கள். ஒரு பிள்ளை "வேண்டாம்" என்றால், "கொஞ்சம் குடி, ஒன்றும் செய்யாது" என்று வற்புறுத்தாதீர்கள். பிரசாதத்தை மறுக்கிறது என்று தாயைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறினால் எபிபென் ஊசியை உடனே போட்டு, 911ஐ அழையுங்கள்.

வீட்டில் நன்றாக அரைத்துக் குடிப்போம். மண்டபத்தில் எல்லாப் பிள்ளைகளும் பயமின்றி உண்ணும்படி பார்த்துக்கொள்வோம்.