வாற்கோதுமை உண்ட வாள்வீரர்கள்

பண்டை உரோமானியர், அரங்கில் உயிர்ப்போர் புரிந்த வாள்வீரர்களை ‘வாற்கோதுமை உண்போர்’ என்றழைத்தனர். துருக்கியிலுள்ள பழைய எபேசு நகரில் அவ்வீரர்தம் இடுகாடு 1993இல் கண்டறியப்பட்டது. 2014இல் வெளிவந்த எலும்பாய்வு, அவர்கள் பெரும்பாலும் தானியமும் பயறுமே உண்டனர் என்று காட்டிற்று. நகரமக்கள் உணவும் ஏறக்குறைய அதுவே! ஆயினும் வீரர் எலும்புகளில் ஸ்ட்ரான்சியம் என்னும் தாது மிகுந்திருந்தது. தாவரச் சாம்பல் கரைத்த நீரைப் பருகியமையே காரணமாகலாம் என்பர் ஆய்வாளர். போர் முடிந்தபின் அவர்கள் அதனைப் பருகியதை உரோம அறிஞர் பிளினியும் குறித்துள்ளார்.

இதனைக்கொண்டு, அவர்கள் புலால் மறுத்தோர் என்று நம்மவர் சிலர் பெருமையுடன் கூறக் கேட்கிறேன். என்னால் ஏற்க இயலவில்லை. ஊன் அறவே இல்லை என அவ்வாய்வு உரைக்கவில்லை. மேலும், மறுத்தல் என்பது கிடைத்தும் விலக்குவதன்றோ? அவ்வீரருட் பலர் அடிமைகள். அவர்தம் உணவை முடிவு செய்தவர் உடைமையாளரே.